பெரியப்பா வந்தால்தான் ஓடும்

அந்த வீட்டு மருமகளுக்கு, தொலைக்காட்சிப் பெட்டிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வடிவமைப்பு வேலை. பெட்டியின் உருவத்தை வடிவமைப்பவர்கள் வேறு ஆட்கள். பெட்டி மனிதர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது அவள் பொறுப்பு. எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுப்பாள். வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாமனார் 'ஏம்மா' என்பார். கணவன் 'இந்தா' என்பான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், பசித்தால் மட்டும் 'மா' என்பாள்.

அவளுடைய பிரிவின் தலைவரை அலுவலகத்தில் எல்லோரும் ஸ்லைடு சார் என்பார்கள். எதைச் சொல்ல வேண்டுமானாலும் அவருக்குச் சுவரில் ஒரு படம் ஓட வேண்டும். ஒருநாள் அவர் காட்டிய படத்தில் ஒரு வீடு, நாலு அறைகள், அறைக்கு ஒருவர், கைக்கு ஒரு போன்.

"ஒரே வீட்ல நாலு பேர் நாலு படம் பாக்கறாங்க. நம்ம டிவி இவங்கள மறுபடி ஒண்ணா உக்கார வைக்கணும். அதே சமயம் ஒவ்வொருத்தரையும் தனித்தனியா தெரிஞ்சு வச்சுக்கணும். முடியுமா?" என்றார்.

"முடியும் சார்" என்றாள் மருமகள். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் தொடங்கியது.

திட்டத்துக்கு 'நெருக்கம்' என்று பெயர் வைத்தார்கள். ஏழு மாதம் உட்கார்ந்து அவள் எழுதியதன் சாரம் இதுதான். குடும்பத்தார் எல்லோரும் எதிரில் வந்து உட்கார்ந்தால்தான் பெட்டி ஓடும். யார் யாருக்கு என்ன உறவு என்று படிவம் நிரப்பச் சொல்லித் தொல்லை கொடுக்காமல், ஒருவரை ஒருவர் கூப்பிடுவதைக் கேட்டுத் தானாகவே புரிந்துகொள்ளும். வெளியாள் யாராவது அறைக்குள் வந்துவிட்டால், குடும்பத்தின் அந்தரங்கம் கருதி நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு அருவி ஒன்றைக் காட்டும். குடும்பத்திலிருந்து ஒருவரை நீக்க வேண்டுமென்றால் மற்ற எல்லோரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். யாரும் யாரையும் கோபத்தில் நீக்கிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் எழுதியது இது. அதே நல்லெண்ணத்தில், ஒருமுறை பதிவான குடும்பத்தை அழிக்க வழியே இல்லாமலும் செய்துவைத்தாள்.

அறுபது நாள் சோதனைக்கு முதல் பெட்டி அவள் வீட்டுக்கே வந்தது. ஒரு சனிக்கிழமை காலை அதைச் சுவரில் மாட்டிவிட்டு, பழைய டிவியை எடுத்துக்கொண்டு போனார்கள் நிறுவனத்து ஆட்கள். அதே நேரத்தில் சமையலறையில் தொட்டிக்கு அடியில் பிளம்பர் படுத்திருந்தார். இரண்டு நாளாக அங்கே பைப் ஒழுகிக்கொண்டிருந்தது.

"வணக்கம். வீட்டில் இருக்கும் எல்லோரும் என் முன்னால் வந்து, பத்து நிமிடம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருங்கள்" என்றது பெட்டி.

மாமனார், கணவன், மகள், மருமகள் நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். பத்து நிமிடம் சாதாரணமாகப் பேசுவது எப்படி என்று யாருக்கும் பிடிபடவில்லை. கணவன் கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவன். "எதிர்ல தெரியற எழுத்தைப் படிங்க" என்பதைத் தாண்டி அவன் நாளெல்லாம் பேசுவதில்லை. மாமனார் தொண்டையைச் செருமினார். மகள் காலால் தரையைத் தேய்த்தாள். இரண்டு நிமிடம் அப்படியே போனது.

அப்போதுதான் பிளம்பர் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"சார், மெயின் வால்வு எங்க இருக்கு? மூடணும்."

அவ்வளவுதான். நாலு பேருக்கும் உயிர் வந்தது.

"பால்கனி பக்கம் இருக்கு அண்ணே" என்றான் கணவன்.

"என்னப்பா, வாஷர் போயிடுச்சா?" என்றார் மாமனார்.

"அங்கிள், பக்கெட் வைக்கவா?" என்றாள் மகள்.

"ஏம்மா, அந்த டார்ச்சை எடு." "இந்தா, துணி எதாச்சும் கொண்டா." மீதி எட்டு நிமிடமும் பைப்பைப் பற்றியே பேச்சு. எட்டு நிமிடத்தில் அவர்கள் அதற்கு முந்தைய மாதம் முழுக்கப் பேசியதைவிட அதிகம் பேசியிருப்பார்கள்.

"நன்றி. குடும்பம் பதிவாகிவிட்டது" என்றது பெட்டி. "தாத்தா. தாத்தாவின் மூத்த மகன். தம்பியையே சார் என்று அழைக்கும் பணிவானவர். அடுத்து இளைய மகன். பேத்தி. கடைசியாக, தாத்தா அம்மா என்று அழைக்கும் அவருடைய தாயார். பெயர் இந்தா. வயது தொண்ணூற்றெட்டு இருக்கலாம். வயதுக்கு மிகவும் திடமாக இருக்கிறார்."

மகள் சோபாவில் விழுந்து சிரித்தாள். தவறு எங்கே என்று மருமகளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஊரில் கடைக்காரர் அண்ணன், டிரைவர் தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் மாமா, பெற்ற மகளும் அம்மா, வந்த மருமகளும் அம்மா. ஏழு மாதத்தில் இது ஒருநாளும் அவளுக்குத் தோன்றவில்லை.

பிளம்பர் இதையெல்லாம் கவனிக்கவில்லை. வேலையை முடித்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை ஏழரைக்கு மாமனார் சோபாவில் வந்து அமர்ந்தார். அவர் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பார்க்கும் சீரியலில் கதாநாயகி ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டு அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்த லிஃப்டில் நடக்கும் எதுவும் எந்த லிஃப்டிலும் நடக்க வாய்ப்பில்லை என்பதை நாள்தோறும் உறுதி செய்துகொள்வதற்காகவே அவர் பார்த்துவந்தார்.

"பெரியப்பா இன்னும் வரவில்லை. அவர் வந்ததும் தொடங்கலாம்" என்றது பெட்டி.

எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள்.

"இதை ஏமாத்த முடியாதா?" என்றான் கணவன்.

"முடியாது. ஏமாத்த முடியாத மாதிரிதான் எழுதியிருக்கேன்."

"போன்ல போட்டுத் தரவா தாத்தா?" என்றாள் மகள்.

"போன்ல லிஃப்ட் பட்டன் எல்லாம் தெரியாது. எனக்கு அந்த பட்டன் தெரியணும்" என்றார் மாமனார்.

வேறு வழியில்லாமல் கணவன் பிளம்பருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, கொஞ்சம் வீடு வரைக்கும் வர முடியுமா?"

"ஏன் சார், மறுபடி ஒழுகுதா?"

"இல்லண்ணே. டிவி பாக்கணும்."

"டிவி எல்லாம் நான் பாக்கறதில்ல சார். பைப்பு மட்டும்தான்."

"ரிப்பேர் பாக்க இல்லண்ணே. உக்காந்து பாக்க."

மனிதர் நல்லவர். இருபது நிமிடத்தில் வந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் அமர்ந்தார். "வாங்க பெரியப்பா" என்றது பெட்டி. சீரியல் பாதியிலிருந்து ஓடியது. லிஃப்டுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கதாநாயகி இடுப்பளவு தண்ணீரில் நின்று தன் தங்கைக்குக் கடிதம் எழுதினாள்.

பிளம்பர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தாங்க முடியாமல், "ஏன் சார், கதவு இடுக்கு வழியா தண்ணி வெளிய போகாதா? இதென்ன லிஃப்டா, டேங்க்கா?" என்றார்.

மாமனார் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார். பதினோரு நாளாக இந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் இல்லாமல் அவர் தவித்திருந்தார்.

"அப்படிக் கேளுப்பா!" என்றார். "லிஃப்ட் கூண்டுல ஒரு சொட்டு நிக்காது. இவங்க வந்து என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"என்கிட்டயும் கேட்டிருக்கலாம்" என்றார் பிளம்பர்.

அன்று சீரியல் முடிந்தும் இருவரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் யாரும் கூப்பிடாமலே ஏழு இருபத்தைந்துக்குப் பிளம்பர் வந்தார். அதற்கு மறுநாள், யார் வீட்டிலோ குளியலறைக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, "எங்க தம்பி வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மருமகள் பாடுதான் திண்டாட்டம். அவள் உள்ளே வந்தாலே பெட்டி எழுத்தைப் பெரிதாக்கிக் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "இந்தா பாட்டி, முழங்கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டது. அவளுக்கென்று தனியாகத் தேர்ந்து கொடுத்த நிகழ்ச்சிகள் எல்லாம் காது கேட்கும் கருவி, கைத்தடி, நிம்மதியான உறக்கம் பற்றியவை. கேட்டுக் கேட்டு ஒரு வாரத்தில் அவளுக்கு உண்மையிலேயே முழங்கால் வலிக்க ஆரம்பித்தது.

ஒன்பதாம் நாள் வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்றார். கழுத்தில் தையல் அளவு நாடா தொங்கியது.

"என் வீட்டுக்காரர் தினமும் ஏழு மணியானா குளிச்சிட்டு டிவி பாக்கப் போறேன்னு கிளம்பறாரு. வீட்லயே டிவி இருக்கு. இப்படி ஒரு பொய்யை யாராச்சும் சொல்வாங்களா? அதான் எந்த வீடுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

உள்ளே தன் கணவர், ஒரு கிழவர், ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், ஒரு கண்ணாடிக் கடைக்காரர், அவர் மனைவி எல்லோரும் லிஃப்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவர் கூடத்துக்குள் காலை வைத்தார். திரையில் அருவி கொட்டத் தொடங்கியது.

"புதியவர் ஒருவர் வந்திருக்கிறார். யார் இவர்?" என்றது பெட்டி.

"என் சம்சாரம்" என்றார் பிளம்பர் வாய் தவறி.

"வாங்க பெரியம்மா" என்றது பெட்டி. அன்றிலிருந்து அவர் இல்லாமலும் ஓடவில்லை. அவர் தைக்க வேண்டிய துணிகளை மூட்டையாகக் கட்டி எடுத்துவந்து, பட்டன் தைத்துக்கொண்டே பார்ப்பார். வந்த மூன்றாம் நாளே மகளின் பள்ளிச் சீருடை கச்சிதமாகிவிட்டது.

இதை இப்படியே விடக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் பெட்டியின் முன்னால் நின்றாள். பிளம்பரும் மனைவியும் அப்போது அங்கே இல்லை.

"பெரியப்பாவை நீக்கணும்" என்றாள்.

"மற்றவர்கள் சம்மதிக்கிறார்களா?"

"நான் சம்மதிக்க மாட்டேன். அந்த ஆள் போயிட்டா தண்ணியைப் பத்தி நான் யார்கிட்ட பேசறது?" என்றார் மாமனார்.

"பெரியம்மா எனக்குக் கை வச்ச கவுன் தச்சுத் தரேன்னிருக்காங்க" என்றாள் மகள்.

கணவன் கூரையைப் பார்த்தான். "எனக்கு அண்ணன் யாரும் இல்ல, தெரியும்ல?" என்றான் மெதுவாக.

அலுவலகத்திலோ கதை வேறு மாதிரி இருந்தது. ஸ்லைடு சார் அவள் வீட்டின் புள்ளிவிவரத்தைச் சுவரளவுக்குப் பெரிதாகக் காட்டினார்.

"சோதனை வீடு எல்லாத்துலயும் குடும்ப ஒற்றுமை நூத்துக்கு முப்பது, நாப்பது. உங்க வீட்ல நூத்துப்பதினாலு! எப்படிச் சாதிச்சீங்க?"

"சார், அந்தப் பெரியப்பா உண்மையில ஒரு பிளம்பர்."

"பெரியப்பா என்ன வேலை பாத்தா என்ன? வரார் இல்ல? அதுதான் முக்கியம். என் சொந்த அண்ணன் என் வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாச்சு" என்றார் ஸ்லைடு சார். அதைச் சொல்ல அவர் எந்தப் படமும் போடவில்லை. பிறகு சட்டென்று அடுத்த படத்துக்குப் போய், இந்த வெற்றியை மேலிடத்துக்கு விளக்கிக் காட்ட அவளே முழு அறிக்கை தயார் செய்ய வேண்டும் என்றார்.

அப்படித்தான் அவள் அந்த வாரம் நாலு நாள் தொடர்ந்து தாமதமானாள். குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து டிவி பார்க்கும் அழகை விளக்கும் அறிக்கையை எழுதி முடிக்காமல் எட்டரை வரை அலுவலகத்திலேயே கிடந்தாள். வீட்டில் ஐந்து பேர் ஏழரைக்கு வந்து வரிசையாக உட்கார்ந்து, "இந்தா பாட்டி இன்னும் வரவில்லை" என்ற அறிவிப்பையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் மாமனார் பொறுத்துக்கொண்டார். இரண்டாம் நாள் பெருமூச்சு விட்டார். மூன்றாம் நாள் போன் செய்து, "ஏம்மா, தண்ணி கழுத்து வரைக்கும் வந்துடுச்சாம். கீழ் வீட்டுக்காரர் சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு" என்றார்.

நாலாம் நாள் லிஃப்ட் கதவு திறக்கப்போகிற நாள். விளம்பரத்தில் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்று ஏதோ மனசு கேட்காமல், அறிக்கையைப் பாதியில் மூடிவைத்துவிட்டு அவள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவைத் திறந்தாள். வாசலிலேயே சீரியலின் இசை கேட்டது. தான் இல்லாமல் எப்படி ஓடுகிறது என்று யோசித்தபடி கூடத்தில் காலை வைத்தாள்.

இசை நின்றது. அருவி கொட்டியது.

"வெளியாள் ஒருவர் வந்திருக்கிறார்" என்றது பெட்டி.

சோபாவிலிருந்து ஐந்து முகங்கள் அவள் பக்கம் திரும்பின. அருவி மட்டும் சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு நாளைக்குத்தான்மா" என்றார் மாமனார் கடைசியில். "எல்லாரும் சரின்னு சொன்னோம். நாளைக்குத் திரும்பச் சேத்துக்கலாம்னு..."

"எல்லாருமா?" என்று கணவனைப் பார்த்தாள்.

"கதவு திறக்கப்போறான் இந்தா" என்றான் அவன். அது நியாயமான காரணம் இல்லை என்பது அவன் குரலிலேயே தெரிந்தது.

"ஒதுங்கி நில்லுமா ப்ளீஸ், அது உன்னைப் பாக்குது" என்றாள் மகள்.

மருமகள் சமையலறைக்குப் போனாள். அவள் மறைந்ததும் கூடத்தில் இசை மறுபடி தொடங்கியது. வெளியாளைக் கண்டதும் அருவி காட்ட வேண்டும் என்று எழுதியது அவள். அந்த அருவியைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். நாற்பது அருவிகளைப் பார்த்து, யார் மனமும் நோகாத ஒன்றாக எடுத்திருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறோமா சிரிக்கிறோமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

கூடத்தில் மறுபடி இசை நின்றது. பிளம்பர் எழுந்து வந்திருந்தார். அவர் எழுந்தால் பெட்டி ஓடாது.

"வாங்க மேடம்" என்றார். "நான் சொல்லி உங்களைச் சேத்து விடறேன்."

"நீங்களா?"

"நான்தான் இந்த வீட்டுக்கு மூத்தவன் மாதிரி" என்றார் அவர் கூச்சத்துடன். "அது நான் சொன்னா கேக்குது. எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. ஆனா மேடம்னு கூப்பிட்டா சேத்துக்காது. தப்பா நினைச்சுக்காதீங்க."

இருவரும் பெட்டியின் முன்னால் போய் நின்றார்கள்.

"யார் இவர்?" என்றது பெட்டி.

பிளம்பர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். "வா தங்கச்சி, உக்காரு" என்றார் உரக்க.

"வாங்க அத்தை" என்றது பெட்டி. "தாத்தாவின் ஒரே மகள் வந்துவிட்டார். இளைய அண்ணனுக்கு அருகில் இடம் இருக்கிறது."

கணவன் துள்ளி எழுந்தான். "என்னது, அண்ணனா? இதை ஒத்துக்க முடியாது. முதல்ல இதை மாத்தச் சொல்லு!"

"உக்காருடா!" என்று அதட்டினார் மாமனார். "கதவு திறக்குது!"

அவன் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். லிஃப்ட் கதவு திறந்தது. தண்ணீர் வெளியே பாய்ந்து காவலாளியை அடித்துக்கொண்டு போனது. கதாநாயகி கடிதத்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி, ஒரு சொட்டும் நனையாத தலைமுடியோடு வெளியே வந்தாள். மாமனாரும் பிளம்பரும் ஒரே சமயத்தில் கையை விரித்து, "பாத்தியா?" என்றார்கள்.

மீதி இருந்த முப்பத்தைந்து நாளும் கணவனுக்குப் போதாத காலம். அவன் உள்ளே வந்தாலே, "தங்கையிடம் அன்பாகப் பேசி மூன்று நாள் ஆகிறது" என்று பெட்டி நினைவூட்டியது. அது வாயை மூடட்டும் என்பதற்காகவே அவன் தினமும் அவளிடம் ஏதாவது பேச ஆரம்பித்தான். அலுவலகத்தில் என்ன நடந்தது என்று கேட்டான். ஒருநாள் பதிலையும் கேட்டான்.

அறுபதாம் நாள் நிறுவனத்து ஆட்கள் வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பழைய டிவி வர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மருமகள் நடந்ததை ஒளிக்காமல் முப்பது பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். ஸ்லைடு சார் அதில் நூற்றுப்பதினாலு என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார். கூடவே, தன் அண்ணனுக்குப் போன் செய்ததாகவும், பேச விஷயம் இல்லாமல் இருவரும் வீட்டுக் குழாய்களைப் பற்றிப் பேசியதாகவும் சொன்னார்.

மறுநாள் அவள் ஏழேகாலுக்கே வீட்டுக்கு வந்தாள். வீடு பூட்டியிருந்தது. கணவனுக்குப் போன் செய்தாள்.

"இங்கதான் இருக்கோம், அண்ணன் வீட்ல. மூணாவது தெரு, தையல்கடை மாடி. சீக்கிரம் வா."

அது இரண்டே அறை. மூலையில் தையல் மிஷின், அதன் பக்கத்தில் ஒரு சின்ன டிவி. படம் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. அது யாரையும் எதுவும் கேட்காமல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி எல்லாம் நிரம்பிவிட்டதால் மருமகள் துணி மூட்டை மேல் உட்கார்ந்தாள். திரையில் மீசை வைத்த ஒருவன் மாடிப்படியில் நின்று கறுவிக்கொண்டிருந்தான்.

"யாரு இவன்?" என்றாள். அத்தனை நாள் எதிரில் உட்கார்ந்திருந்தும் அவள் கதையைக் கவனித்ததே இல்லை.

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள். அவன் வில்லன் என்றாள் மகள். இல்லை, வில்லனின் டிரைவர், திருந்திவிட்டான் என்றான் கணவன். திருந்தியது போல நடிக்கிறான் என்றார் பிளம்பரின் மனைவி, வாயில் ஊசியோடு. பதிமூன்றாம் மாடியில் கேபிளை அறுத்தவனே இவன்தான் என்று மாமனாரும், இல்லை, வால்வைத் திறந்துவிட்டவன் என்று பிளம்பரும் கையை ஓங்கிக்கொண்டார்கள். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும் என்று முடிவாகி, முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார்கள். அன்றைய பகுதியை யாரும் பார்க்கவில்லை. பிளம்பரின் மனைவி பேச்சுவாக்கில் நாடாவை எடுத்து மருமகளின் தோளை அளந்து, "பதினாலு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.